காணாமல் போன அமெரிக்க விதவை

“ஒரு படத்தத் திருடி என்னா செய்யிறது மிஸ்? அதத் திங்கவா முடியும்?”

புஷ்பம் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜஹானா மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

எங்கள் காரியாலயம் கண்டிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஜஹானா மிஸ் தனியார் துப்பறிவாளர். முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். அங்கே எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று சலித்துப்போய் வெளியே வந்தவர், வெளியேயும் அப்படித்தான் என்று கண்டுகொண்டார். நான் யோகராஜ். அவருடைய உதவியாளன், சாரதி, தேவைப்பட்டால் அடி வாங்குகிறவன். த்ரீவீல் மட்டும் என் சொந்தம்.

புஷ்பத்தின் கணவன் சுமன், ‘பேசாப்பட ரசிகர் வட்ட’த்தின் மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவன். கூட்டுவது, கதவு திறப்பது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அவன்தான். அந்த வட்டம் கண்டி வாவிக்கு மேலே மேட்டில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, படத்தில் யாரும் பேசாத குறையைத் தாங்கள் பேசித் தீர்க்கிற கனவான்களின் சங்கம்.

“அலுமாரியில ஏதோ அமெரிக்காப் படச் சுருள் இருந்துச்சாம். டப்பாவோட காணோமாம். சாவி இவருகிட்ட இருந்துச்சுன்னு வியாழக்கெழம பொலிஸ் கொண்டு போயிருச்சு. என்னயப் பாக்கவும் விடல. திங்கக்கெழம அவரு பேராதன ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேரணும் மிஸ். நெரந்தர வேல. எத்தன இன்டர்வியூ போயி கெடச்சது தெரியுமா? வழக்குன்னு ஒன்னு விழுந்துட்டா அதுவும் போச்சு, எங்க பொழப்பும் போச்சு.”

“எடுத்தாரா?” என்று கேட்டார் மிஸ்.

“எங்க வீட்டுல டீவியே ஒழுங்கா வேல செய்யாது மிஸ்.”

“அது பதில் இல்ல.”

“எடுக்கல மிஸ்.”

“இது பதில்,” என்று சொல்லிக் கைப்பையை எடுத்தார் ஜஹானா மிஸ். அன்று சனிக்கிழமை.

மண்டப வாசலில் ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு வட்டத் தகர டப்பாவின் படம். அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள்.

“மிஸ், டப்பா எப்ப காலமானிச்சு?”

“வாயை மூடு.”

வட்டத்தின் தலைவர் கலாநிதி தயாபரன் எங்களை வரவேற்றார். வெள்ளைக் குர்தா, கழுத்தில் சால்வை. மண்புழு உரத்தில் ஆராய்ச்சி செய்து கலாநிதியானவர். மண்புழுவைக் கைவிட்டுச் சினிமாவைத் தோண்ட வந்துவிட்டார். மனுஷன் வீட்டில் உப்புக் கேட்டால்கூட மைக் பிடித்துத்தான் கேட்பார் போலிருந்தது.

“அது வெறும் படமல்ல, அம்மணி. ‘விதவையின் விளக்கு’! ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஊமைக் காவியம். கரிச்சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்த ஓர் ஏழை. வீட்டைக் காலி செய் என்கிறான் முதலாளி. அவளோ சன்னலில் விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். உலகில் எங்கும் இதன் பிரதி கிடையாது. அமெரிக்காவிலேயே தொலைந்துபோயிற்று. ஹுன்னஸ்கிரியவில் என் மைத்துனரின் பங்களாவில், பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பெட்டிக்குள் நான் கண்டெடுத்தேன்.”

“முழுப் படத்தையும் யாரு பார்த்தீக்கிறாங்க?”

“நான் மட்டும்.”

“டப்பாவை வேற யாரும் திறந்தாங்களா?”

“ஐயையோ! அந்தக் காலத்துச் சுருள் சட்டென்று தீப்பற்றும், அம்மணி. தூரத்தில் நின்று பார்க்கத்தான் நான் அனுமதித்தேன். முதல் சில நிமிடங்களை மட்டும் பிரதி எடுத்துக் காட்டினேன். அதற்கே சபை அழுதது. நாளை அமெரிக்கப் படக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மையார் சுருளைப் பார்வையிட வருகிறார். அவரிடம் நான் என்ன சொல்வேன்!”

சால்வையால் கண்ணைத் துடைத்தார். கண் காய்ந்துதான் இருந்தது.

“சுமன் மேல ஏன் சந்தேகம்?”

“நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. சாவி யாரிடம் என்று பொலிஸார் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன்.”

“உங்ககிட்டயும் ஒரு சாவி ஈக்கிது தானே?”

“இருக்கிறது. ஆனால் நான் தலைவர்.”

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எனக்கு ஒரு பகிடி நாக்கு நுனி வரை வந்தது. மிஸ் காலை மிதித்தார்.

அந்தச் சில நிமிடத் துண்டைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளை, மழை பெய்கிற மாதிரிக் கோடுகள். கறுப்புக் கவுண் போட்ட ஒல்லியான பெண்ணொருத்தி மூடிய சன்னலருகே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்பிய பவுடர். ஆங்கில எழுத்தில் ஓர் அட்டை வந்து அவள் புருஷன் செத்த செய்தியைச் சொன்னது. விளக்கைத் துடைத்தாள். வாசலைப் பார்த்தாள். மேசையிலிருந்த கோப்பையை எடுத்தாள். மற்றக் கையை வாயருகே கொண்டுபோனாள், ஒரு மிடறு குடித்தாள், மறுபடி கை, மறுபடி மிடறு. கண்ணீர் வழிந்தது. விளக்கை ஏற்றினாள். அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் தொடையில் தட்டினார்.

“பாருங்க, அமெரிக்கக்காரியா இருந்தாலும் அப்படியே நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி இருக்கா! கலைக்கு நாடு ஏது, மொழி ஏது!”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். முந்தின நாள் புஷ்பம் மண்டபத்து வெளிக்கதவடியில் வந்து நின்றபோது, ‘அஞ்சலி வேலை இருக்கம்மா, பிறகு வா’ என்று திருப்பி அனுப்பியவர்களும் இதே ஆட்கள்தான். எங்கோ ஓர் அமெரிக்கச் சுரங்கத்து விதவைக்கு வடிக்கிற கண்ணீரில் ஒரு சொட்டு இவளுக்கு மிஞ்சவில்லை.

பால் சேர்க்காத பிளேன்டீ வந்தது. கூடவே ஒரு கிண்ணத்தில் சீனி.

“இந்த சுமன் உள்ளே போனதுல இருந்து உருப்படியா ஒரு பிளேன்டீ இல்ல,” என்று அதிபர் குறைப்பட்டார்.

தாங்களே திருடன் என்று பிடித்துக் கொடுத்தவனுடைய தேத்தண்ணிக்கு ஏங்குகிற நாக்கு! கோபத்தில் நான் ஒரு கரண்டி சீனியை உள்ளங்கையில் கொட்டி, நாக்கால் தொட்டுக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினேன். கண்டறாவி. அதிபர் சொன்னது உண்மைதான்.

ஜஹானா மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரிசையாக எல்லாரையும் பார்த்தார்.

“கலாநிதி, அந்தத் துண்டை இன்னொருக்கா போடுங்க.”

போட்டார்கள். பார்த்தார். தன் கோப்பையைத் தொடாமலே எழுந்தார்.

“யோகா, த்ரீவீலை எடு. ஹுன்னஸ்கிரிய.”

தயாபரன் முதல்முறையாக மேடைத் தமிழை மறந்தார். “அங்க எதுக்கு? பங்களா பூட்டியெல்லோ கிடக்கு!”

“பூட்டு எப்பிடி ஈக்கிதுன்னு பார்க்கத்தான்.”

திகன தாண்டி, தெல்தெனிய தாண்டி, பாதை மேலே வளைந்து வளைந்து ஏறியது. என் த்ரீவீல் என்னைவிட மோசமாக மூச்சு வாங்கியது.

“மிஸ், ஒரு பொருளத் திருடுனவன் அது கெடச்ச எடத்துலயே கொண்டு போயி வைப்பானா?”

“திருடினவன் வைக்க மாட்டான்.”

“அப்ப நாம எதுக்கு போறோம்?”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

பங்களா தேயிலை மலையின் விளிம்பில் இருந்தது. முன்கதவு பூட்டித்தான் கிடந்தது. பின்பக்கம் குசினிப் புகைபோக்கியில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்திலே தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மிஸ் பின்பக்கமாகப் போனார். நான் இரண்டு சுருட்டை முடிப் பயல்களோடு சண்டை போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். தோளில் பாரமான ஒரு துணிப்பை. கூடவே ஒல்லியான ஒரு பெண்.

“இது நிரோஷா. பிள்ளைக் காம்பரா டீச்சர். பங்களாவையும் இவதான் பார்த்துக்கிறா. நம்மளோட கண்டிக்கு வாறா.”

நிரோஷாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. “கண்டியில பெரிய பெரிய ஆளுங்க முன்னால என்னய அறிமுகப்படுத்தப் போறாங்களாம் அண்ணே!”

“எதுக்கு?”

“யோகா,” என்றார் மிஸ். அந்த ஒரு சொல்லுக்கு ‘வாயை மூடிக்கொண்டு ஓட்டு’ என்று பொருள். ஓட்டினேன். துணிப்பைக்குள்ளிருந்து முறுக்கு வாசம் வந்துகொண்டேயிருந்தது. பசியோடு வண்டி ஓட்டுகிறவனுக்கு அதைவிடச் சித்திரவதை கிடையாது.

நாங்கள் திரும்பியபோது அஞ்சலிக் கூட்டம் தொடங்கியிருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மனுஷன் செத்தால்கூட இவ்வளவு பேர் வரமாட்டார்கள். முதலில் மௌன அஞ்சலி. பிறகு தயாபரன் விம்மினார். பிரதம விருந்தினராக இன்ஸ்பெக்டர் இன்ஷாப் மேடையில் உட்கார்ந்திருந்தார். சுமனைப் பிடித்து வைத்திருக்கும் நிலையத்துப் பொறுப்பதிகாரி. மிஸ் வரச்சொல்லியிருந்ததால் புஷ்பமும் வாசலோரம் வந்து நின்றாள். யாரும் அவளுக்குக் கதிரை கொடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“உங்க எல்லாருக்கும் ஒரு தகவல். இன்னைக்குப் பகல் சுமன் குற்றத்தை ஒத்துக்கிட்டான். டப்பாவோட கொண்டு போய் பேராதனைப் பாலத்துல இருந்து மகாவலிக்குள்ள வீசினானாம். கையெழுத்தும் வெச்சிட்டான்.”

மண்டபத்தில் ஐயோ என்று ஒரு பெருமூச்சு. புஷ்பம் சுவரைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவன் எடுக்கவில்லை என்று நான் மனதார நம்பியிருந்தேன். தயாபரனைப் பார்த்தேன். அழவேண்டிய முகத்தில் நிம்மதி பளிச்சென்று வந்து போனது.

ஜஹானா மிஸ் மேடையேறினார். துணிப்பையைத் திறந்து வட்டத் தகர டப்பா ஒன்றை மேசையில் வைத்தார்.

“இன்ஸ்பெக்டர், அவன் ஆத்துல வீசின டப்பா இதா?”

பதாகையில் மாலை போட்டிருந்த அதே டப்பா. அதே நெளிவு. மூடியில் ‘தொடாதீர்’ என்று தயாபரனின் சாய்வெழுத்து. மிஸ் மூடியில் கை வைத்ததும் முன்வரிசை கதிரைகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தது.

“திறக்காதீங்க! பத்திக்கும்!”

திறந்தார். உள்ளே முறுக்கு.

“பயப்படாதீங்க,” என்றேன் நான். “கொஞ்சம் கருகியிருக்கு. ஆனா பத்தாது.”

“பங்களா குசினியில ஈந்திச்சு,” என்றார் மிஸ். “யாரு கொண்டு வந்து வெச்சதுன்னு இந்தப் புள்ள செல்லும்.”

நிரோஷாவுக்கு எதுவும் விளங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். “தயாபரன் ஐயாதான் பொதன்கெழம வந்து குடுத்தாரு. அது பங்களாக்கார அம்மாவோட கேக் டப்பா. இரவல் வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கலன்னு அவங்க ஏசிக்கிட்டே இருந்தாங்க. வெறுமனே கெடந்துச்சு, நான் முறுக்குப் போட்டு வச்சேன்.”

இன்ஸ்பெக்டர் தயாபரனைப் பார்த்தார். “நீங்க முறைப்பாடு தந்தது வியாழக்கிழமை.”

“டப்பா வேறு, சுருள் வேறு!” தயாபரனின் சால்வை நழுவியது. “சுருளை… பாதுகாப்புக் கருதி நான் தனியே எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் அவன் திருடினான். ஆற்றில் வீசியதாக அவனே ஒத்துக்கொண்டானே!”

“டப்பாவோட வீசினேன்னு ஒத்துக்கிட்டான்,” என்றார் மிஸ். “சரி, கலாநிதி. அந்தத் துண்டைக் கடைசியா ஒருக்கா போடுங்க. யோகா, நிரோஷாவுக்கு ஒரு பிளேன்டீ.”

திரையில் விதவை கோப்பையை எடுத்தாள். மிஸ் அங்கே நிறுத்தச் சொன்னார். மேடையில் நிரோஷா, ‘எல்லாரும் பாக்குறாங்களே’ என்று கூச்சப்பட்டபடி, ஒரு கரண்டி சீனியை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். நாக்கால் தொட்டாள். ஒரு மிடறு உறிஞ்சினாள். திரையில் இருந்த அதே கை, அதே சாய்வு, அதே மெலிந்த மணிக்கட்டு. பவுடர் மட்டும் இல்லை.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து திரையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கலாநிதி எல்லாத்துலயும் கவனமாத்தான் ஈந்தாரு,” என்றார் மிஸ். “சுவர்ல கலண்டரைக் கழட்டினாரு. தேயிலை தெரியாம சன்னலை மூடினாரு. கவுணை வாடகைக்கு எடுத்தாரு, மூக்குத்தியைக் கழட்டச் சொன்னாரு. பிறகு ‘துக்கமா தேத்தண்ணி குடி’ன்னு செல்லிட்டுக் கமராவுக்குப் பின்னால போய் நின்னாரு. இந்தப் புள்ள எப்பவும் குடிக்கிற மாதிரிக் குடிச்சிச்சி. அவருக்கு அது வித்தியாசமாவே படல்ல. அவரும் அப்பிடித்தானே குடிக்கிறாரு! நீங்களும் அப்பிடித்தான், நானும் அப்பிடித்தான். நம்மட வீட்டுப் பொம்பளை மாதிரி ஈக்கிதுன்னு அழுதீங்களே, நம்மட வீட்டுப் பொம்பளையேதான். சீனியை உள்ளங்கையில வெச்சி நக்கிக்கிட்டு பிளேன்டீ குடிக்கிற அமெரிக்கக்காரி எந்தச் சுரங்கத்துல ஈந்தா?”

“அப்ப சுருள்?” என்று யாரோ கேட்டார்கள்.

“சுருளே கிடையாது. அமெரிக்காவுல தொலைஞ்ச படம். உசிரோட ஈக்கிற யாரும் பார்த்ததில்ல. என்னத்தைக் காட்டினாலும் பிழை செல்ல ஆளில்ல. ஆனா நாளைக்குச் சுருளைப் பார்க்க ஆள் வருது. அதனால சுருள் திருட்டுப் போக வேண்டியதாப் போச்சு. திருட்டுப் போனா ஒரு திருடன் வேணும். தேத்தண்ணி ஊத்துறவன் பக்கத்துலயே நின்னான்.”

தயாபரன் வாயைத் திறந்தார். மூடினார். நல்ல பேசாப்படம்.

“அமெரிக்கப் படமா?” நிரோஷாவின் குரல் உடைந்தது. “குறும்படப் போட்டிக்கு அனுப்புறேன்னுதானே என்கிட்ட சொன்னாரு. இதக் காட்டுனதயே எனக்கு யாரும் சொல்லலயே.” அவள் முன்வரிசையிலிருந்த அதிபரிடம் திரும்பினாள். “நான் நல்லா செஞ்சேனா சார்?”

அதிபர் சட்டைக் கொலரைச் சரிசெய்தார். “எனக்கு அப்பவே சந்தேகந்தான். நடிப்பு கொஞ்சம் மிகை.”

காலையில் தொடையைத் தட்டிய கை இன்னும் சிவந்திருக்கும். அந்த மனுஷனைக் கோட்டோடு தூக்கி வாவிக்குள் போட வேண்டும் போலிருந்தது. “இவரக் கணக்குல எடுக்காதீங்க தங்கச்சி,” என்றேன். “இங்க இருக்க எல்லாத்தையும் நீங்க அழ வச்சீங்க. இவரையும் சேத்துத்தான்.”

இன்ஸ்பெக்டர் இன்ஷாப் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல,” என்றார் மெதுவாக. “அப்ப சுமன் ஏன் ஒத்துக்கிட்டான்?”

“அதை நீங்கதான் எனக்குச் செல்லணும்,” என்றார் ஜஹானா மிஸ். “இல்லாத ஒரு படத்தை, குசினியில ஈந்த ஒரு டப்பாவோட, அவனை எப்பிடி ஆத்துல வீச வெச்சீங்க?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தலைவரைக் கையைப் பிடித்து ஜீப்புக்கு அழைத்துப் போனார். வாசலில் பதாகையைத் தாண்டும்போது தயாபரன் அதை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

சுமனை விடும்போது பொழுது சாய்ந்திருந்தது. மிஸ் நிலையத்துக்குள்ளேயே நின்று, அவன் மேல் எந்த முறைப்பாடும் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான் வெளியே வந்தார். திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகலாம். புஷ்பம் அவனை என் த்ரீவீலின் பின் ஆசனத்தில் உட்காரவைத்து, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். உடம்பில் காயம் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் எங்கேயோ இருந்தது.

“ஏன் தம்பி ஒத்துக்கிட்டீங்க?” மிஸ் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“தூங்க விடல மிஸ். ஆள் மாறி ஆள் வந்து அதே கேள்வி. எங்க வச்ச, எங்க வச்ச. எடுக்கலன்னு சொன்னா மறுபடி மொதல்ல இருந்து. ஆத்துலன்னு ஒரு தடவ சொன்னேன். உடனே தேத்தண்ணி குடுத்தாங்க.” தன் உள்ளங்கையைப் பார்த்தான். “அதுக்குப் பொறகு எல்லாமே ஞாபகம் வந்துருச்சு. பாலத்துல நின்னது, டப்பா குளுந்து கெடந்தது. தண்ணியில விழுந்த சத்தம்கூட கேட்டேன் மிஸ். இப்பவும் கேக்குது.”

நான் த்ரீவீலைக் கிளப்பினேன்.

புஷ்பம் அவன் கையைப் பிடித்தாள். “நீங்க எடுக்கலங்க. அப்படி ஒரு படமே இல்லியாம்.”

சுமன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“நெசமாவா புஷ்பம்?”

“நெசமாத்தான்,” என்றாள். வீடு போய்ச் சேரும்வரை அதையே அவனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.